புளி போட்டு வெளக்குன கத்தி

இல்லம்மா, அந்த வாணலி வேணாம், அடி புடிக்கும். பக்கத்துல கருப்பா ஒண்ணு இருக்கு பாரு, அதை எடு. ஆங், அதேதான். நீ ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா என் பக்கத்துல நில்லு. கட்லெட் சுட ஒத்தாசைக்கு நோரா வரட்டும்னு ஹால்ல சொன்னது சும்மா. காலையிலயே உருட்டி, ரஸ்க்குத் தூள்ல பொரட்டி வெச்சுட்டேன். எண்ணெயில போட்டு எடுக்குறதுக்கு ரெண்டு பேரா? உன்கிட்ட தனியா பேசணும், அதான் கூட்டியாந்தேன்.

ஐயோ, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? நகை நட்டுன்னு எதுவும் கேக்கப் போறதில்ல. இன்னும் கொஞ்ச நேரத்துல காபி குடிச்சு முடிச்சதும் உங்க டாடி உன்னைக் கூப்பிட்டு, என்னம்மா, விக்டரைப் புடிச்சிருக்கான்னு எல்லார் முன்னாடியும் கேப்பாரு. நீ தலையை ஆட்டிட்டா வர்ற ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை படிக்க ஆரம்பிச்சுடுவாங்க. மூணு வாரம் ஓலை படிச்சுட்டா அப்புறம் ஒருத்தரும் வாயைத் தொறக்க முடியாது, ஊரு சும்மா விடாது. அதனால நீ தலையாட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் உனக்குத் தெரியணும். தெரிஞ்சுகிட்டு ஆட்டு. இல்ல, ஆட்டாம இரு. உன் இஷ்டம்.

கதவை முழுசா சாத்தாத, ஒரு கை அளவு தொறந்திருக்கட்டும். அங்க என்ன நடக்குதுன்னு என் காதுல விழுந்துட்டே இருக்கணும். கேட்டுச்சா, கிரீச்சுன்னு? கண்ணாடி அலமாரி. உங்க டாடிக்குக் காட்ட ஆரம்பிச்சுட்டாரு எங்க வீட்டுக்காரரு. வீட்டுக்கு யாரு வந்தாலும் சரி, சிலிண்டர் போட வந்தவனா இருந்தாலும் சரி, யூஜின் சார் அலமாரியைப் பாக்காம படி தாண்ட முடியாது. மேல் தட்டு, அதுக்கப்புறம் கீழ் தட்டு, கடைசியாத்தான் நடுத்தட்டு. எப்பவும் அதே வரிசை, அதே பேச்சு, அதே எடத்துல இருமல். அவரு நடுத்தட்டுக்கு வர்றதுக்குள்ள நான் சொல்லி முடிச்சுடணும்.

என் புள்ள விக்கி சொல்லலையா உனக்கு? ஆமாம்மா, கத்திங்கதான். வெட்டுக்கத்தி, மீன் கத்தி இல்ல. கடல்ல முழுகுறவங்க இடுப்புலயும் கால்லயும் கட்டிக்கிறாங்களே, அந்தக் கத்தி. பழசா இருக்கணும். புதுசா கடையில தொங்குறதை ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு. சிரிக்கிறியா? சிரி. பெங்களூருல கடல் எங்கம்மா இருக்கு? அல்சூர் ஏரியில முழுகுனா சகதிதான் கையில வரும். இவருக்கு நீச்சலும் தெரியாது. கல்யாணம் ஆன புதுசுல மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போனேன், பேண்ட்டை மடிச்சு விட்டுட்டு கணுக்கால் நனையுற வரைக்கும் நின்னாரு, ஒரு அலை வந்துச்சு, ஓடியே போயிட்டாரு. அந்த மனுஷன்தான் இன்னிக்கு முழுகுற கத்தியில பெரிய பண்டிட்டு.

ஆரம்பிச்சது தொண்ணூத்தி ஒண்ணுல. சிவாஜிநகர்ல பழைய சாமான் விக்கிற குஜ்ரிக்கு, ஸ்கூட்டருக்கு ஏதோ பார்ட்ஸ் தேடிப் போனவரு, பார்ட்ஸ் வாங்கல, துருப்புடிச்ச ஒரு கத்தியைத் தூக்கினு வந்தாரு. கைப்பிடி ரப்பரு எல்லாம் பாளம் பாளமா வெடிச்சு, பாக்கவே அருவருப்பா இருந்துச்சு. என்னங்க இந்தக் கச்சடான்னு கேட்டேன். மௌரீன், உனக்குத் தெரியாது, இது இத்தாலி, அறுபதுகள்ல செஞ்சதுன்னாரு. அவ்ளோதான், புடிச்சுகிச்சு. நேவியில கழிச்சுப் போட்ட சாமான் லாரியில குஜ்ரிக்கு வந்து எறங்குதுன்னா அங்க இருக்குற பாயிங்க இவருக்கு மொதல்ல போன் போடுவாங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஜனங்க எல்லாம் கறிக்கடைக்குப் போவாங்க, இவரு குஜ்ரிக்குப் போவாரு.

பொய் சொல்லக் கூடாது, கண்ணு கெட்டிக்காரக் கண்ணுதான். கம்பெனி பேரே அழிஞ்சு கெடந்தாலும் திருகாணித் தலையைப் பாத்தே சொல்லுவாரு, இது இத்தாலிக்காரன் செஞ்சது, இது அதைப் பாத்து ஜப்பான்காரன் செஞ்சதுன்னு. முனை கூரா இல்லாம உளி மாதிரி தட்டையா இருந்தா அது நெம்புறதுக்காம், குத்துறதுக்கு இல்லையாம். ஒரு பக்கம் ரம்பப் பல்லு இருந்தா கயிறு அறுக்க. கார்க்குல கைப்பிடி போட்டது ஒண்ணு இருக்கு, கையிலருந்து நழுவுனா தானா மெதந்து மேல வந்துடுமாம். அதைச் சோதிச்சுப் பாக்க எங்க போனாரு தெரியுமா? குளிக்கிற ரூம் அண்டாவுக்கு! நானும் தலையில எண்ணெயோட பக்கத்துல நின்னு பாத்தேன். மெதந்துச்சு. அன்னிக்கு அவரு மூஞ்சியைப் பாக்கணுமே நீ, கடலையே தாண்டிட்டு வந்த மாதிரி.

வேலையும் அவருக்கு அதேதான். ஃபேக்டரியில இன்ஸ்பெக்ஷன். மத்தவங்க செஞ்சு குடுக்குற பீஸை வெளிச்சத்துல புடிச்சு, அளந்து, இது சரியில்லன்னு ஒதுக்கி வெக்கிறதுதான் ட்யூட்டி. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துச்சு. எங்க அண்ணன் வாங்கிக் குடுத்த வாட்ச்சு சரியில்ல. நான் வெக்கிற ரசம் சரியில்ல. நான் பேசுற தமிழு சரியில்ல. நான் ராயபுரத்துப் பொண்ணும்மா, இன்னான்னுதான் வரும். காக்ஸ் டவுன் வந்து என்னன்னு சொல்லப் பழகிகிட்டேன். இப்பவும் கோவம் வந்தா ராயபுரம் வந்துடும் வாயில. அதுக்காக அவரைக் கெட்டவருன்னு நெனச்சுடாத. குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு, சம்பளத்தை அப்படியே கொண்டாந்து குடுப்பாரு. உனக்கென்ன மௌரீன், மகராசின்னு கோயில்ல எல்லாரும் சொல்லுவாங்க. அடிச்சிருந்தாலாவது காட்டுறதுக்கு ஒரு காயம் இருக்கும்.

அதைத் திருப்பிப் போடும்மா, கருகுது. ஆங்.

இப்ப எங்க அப்பாவைப் பத்திச் சொல்லணும். சவரிமுத்துன்னு பேரு. மெட்ராஸ் ஹார்பர்ல முழுகுற வேலை. இப்ப மாதிரி முதுகுல சிலிண்டர் கட்டிக்கிற முழுகல் இல்ல. பித்தளைக் குண்டான் மாதிரி ஒண்ணைத் தலையில மாட்டி, நெஞ்சுல ஈயக் கட்டி தொங்கவிட்டு எறக்குவாங்க. மேல படகுல ரெண்டு பேரு பம்பு சுத்தி, குழாய் வழியா காத்து அனுப்பிட்டே இருக்கணும். சுத்துற கை நின்னா கீழ இருக்குறவன் உசுரு நின்னுச்சு. அந்த வேலை பாத்தவரும்மா எங்க அப்பா.

அவருகிட்ட ஒரு கத்தி இருந்துச்சு. வெள்ளைக்கார ஃபோர்மேன் ஒருத்தன் ஊரை விட்டுப் போகசொல்ல அவரு கையில குடுத்துட்டுப் போனது. உறை பித்தளை, உருண்டையா டார்ச் லைட்டு மாதிரி இருக்கும். கத்தியை உள்ள சொருகித் திருகுனா மருந்து பாட்டில் மூடி மாதிரி இறுகிக்கும். ஒருக்கா கப்பலோட அடியில சுத்துற காத்தாடியில சிக்குன கயித்தை எடுக்கப் போனவரு, அவரு காலே அதுல மாட்டிக்கிச்சு. அந்தக் கத்தியை எடுத்து அறுத்துனுதான் மேல வந்தாரு. அப்ப எங்க அம்மாவுக்குக் கல்யாணம் ஆன புதுசு, நான் வயித்துல கூட இல்ல. அந்தக் கத்தி இல்லன்னா நான் ஏது, விக்கி ஏது, நீ இந்த அடுப்படியில வந்து நிக்கிறது ஏது.

அதுலருந்து எங்க அம்மா அந்தக் கத்தியை அந்தோணியார் சுரூபத்துக்கிட்ட கொண்டு போயி வெச்சாங்க. வேலைக்குப் போகசொல்ல அப்பா அங்கருந்து எடுத்துனு போவாரு, வந்ததும் திரும்ப அங்கதான். சாமிகிட்ட இருக்குற பித்தளை மங்கலா இருக்கக் கூடாது, அது எங்க அம்மா போட்ட சட்டம். சனிக்கிழமை ஆனா மெழுகுத்திரி ஸ்டாண்டு, தூபக்கால், கத்தி உறை, எல்லாம் முத்தத்துக்கு வந்துடும். புளியும் செங்கல் தூளும் வெச்சு, தேங்கா நாரால தேய் தேய்னு தேய்ப்பாங்க. ஈஸ்டர் பாஸ்கு வந்தா இன்னும் அதிகம். நானும் தேய்ச்சிருக்கேன். தங்கம் மாதிரி மின்னும். உப்புத் தண்ணியில கெடந்துட்டு வர்ற சாமான் அப்படி மின்னணும்னா எத்தினி தேய்ப்புத் தேய்ச்சிருக்கணும், நீயே நெனச்சுப் பாரு. அம்மா போன பின்னாடியும் அப்பாவே ஒக்காந்து தேய்ப்பாரு.

தொண்ணூத்தி மூணுல இவருக்கு அம்பது ஆச்சுன்னு வீட்டுல பெரிய பார்ட்டி. ஃபேக்டரி ஆபீஸருங்க, ஸ்டாம்பு சேக்குறவரு, நாணயம் சேக்குறவருன்னு இவரு சோட்டு ஆளுங்க, ஹால் முழுக்க நாற்காலி. விக்கி மட்டும் இல்ல, அவன் தாவணகெரெ காலேஜ்ல, ஹாஸ்டல்ல இருந்தான். எங்க அப்பா பிருந்தாவன் எக்ஸ்பிரஸ்ல வந்து எறங்குனாரு. ஐஸ் பெட்டியில வஞ்சிரம், கக்கத்துல துண்டுல சுத்தி ஒரு பொட்டலம். என்னப்பான்னு கேட்டேன். மாப்ள முழுகுற கத்தியா சேக்குறாராமே, என்னுதும் அவருகிட்ட இருக்கட்டும், நான் போனா இதை யாரு வெச்சுப்பான்னாரு. அதைச் சொல்லும்போது அவரு மூஞ்சி சின்னப் புள்ளை மாதிரி ஆயிடுச்சு. இவருக்கு ஏத்த மாதிரி ஒண்ணு தன்கிட்ட இருக்குன்னு அத்தினி வருஷத்துல மொத தடவையா ஒரு பெருமை.

கேக் வெட்டுனதும் அப்பா எழுந்து போயி, எல்லார் முன்னாடியும் ரெண்டு கையால குடுத்தாரு. இவரு வாட்ச் ரிப்பேர்காரன் மாதிரி ஒரு லென்ஸைக் கண்ணுல சொருகிகிட்டாரு. திருப்பினாரு, திருகினாரு, வெளிச்சத்துல புடிச்சாரு. எங்க அப்பா கையைக் கட்டினு, ரிசல்ட்டு கேக்க வந்த பையன் மாதிரி நிக்கிறாரு. அப்புறம் இவரு லென்ஸை எடுத்துட்டு சிரிச்சாரு. கம்பெனி பேரு இல்ல, வெள்ளைக்கார சர்க்காரு குத்துற அம்புக்குறி இல்ல, ஒரு கீறல் இல்ல. மாமா, உங்களை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க, இது மொராதாபாத் மாலு, அலமாரியில அழகுக்கு வெக்கிறதுன்னு விக்கிற காப்பின்னாரு. எங்க வீட்டுல சுத்தமா வெச்சிருந்தாங்கல்ல, அதான் தப்பாப் போச்சு. அழுக்கா இருந்திருந்தா ஒரிஜினல்.

இரு, அதோட விட்டிருந்தா பரவாயில்லையே. பக்கத்துல இருந்த ஆபீஸருகிட்ட திரும்பி, தண்ணிக்குள்ள போனவன் கத்தி இவ்ளோ பளபளப்பா இருக்குமா சார், எனக்கென்னவோ எங்க மாமா மேல படகுல பம்பு சுத்துனவருன்னு தோணுது, வீட்டுல கெத்துக்கு டைவர்னு சொல்லி வெச்சிருக்காருன்னாரு. கொல்லுனு எல்லாரும் சிரிச்சாங்க.

எங்க அப்பாவுக்குக் காது கேக்காதும்மா. முழுகுறவங்களுக்கு அப்படித்தான், தண்ணி அமுக்கி அமுக்கி ஒரு காது செத்தே போச்சு, இன்னொண்ணு அரை காது. அந்தக் காதே சாட்சி இல்லையா? அவரு என்கிட்ட குனிஞ்சு, இன்னா சொல்றாரு மாப்ளன்னு கேட்டாரு. டூப்ளிகேட்டுன்னு சொல்றாருப்பான்னேன். கேக்கல. காதுகிட்ட வாயை வெச்சு சத்தமா சொன்னேன். சரி, அதுக்கு எல்லாரும் இன்னாத்துக்கு சிரிச்சாங்கோன்னு கேட்டாரு. வேற வழியில்லாம அதையும் சொன்னேன். நீங்க முழுகுனவரு இல்லையாம்பா, பம்பு சுத்துனவராம்பான்னு. எங்க அப்பா காதுல, என் வாயால, ஹால் பூரா கேக்குற மாதிரி கத்திச் சொன்னேன் நோரா.

அழலம்மா. எண்ணெய்ப் புகை.

அவரு கோவப்படல. சரி மாப்ள, இருந்துட்டுப் போவட்டும்னு சொல்லிட்டு ஓரமா போயி ஒக்காந்துட்டாரு. பிரியாணித் தட்டைக் கையில வாங்கி அப்படியே வெச்சிருந்தாரு, ஒரு வாய் எறங்கல. மறுநாளே கெளம்பிட்டாரு. ஸ்டேஷன்ல கேட்டேன், ஏம்பா ஒரு வார்த்தை எதுத்துப் பேசலன்னு. யாரைம்மா சாட்சிக்குக் கூப்புடுறது, கூட முழுகுனவன் எல்லாம் போய்ச் சேந்துட்டான், கடலா வந்து சொல்லப் போவுதுன்னாரு. அதுக்கப்புறம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. அடுத்த தவக்காலத்துல போயிட்டாரு.

கத்தியா? கத்தி இங்கதான் கெடந்துச்சு. ஸ்க்ரூ ட்ரைவரு, பழைய பல்பு, செத்த பேட்டரி போடுற ட்ராயர்ல. பெயிண்ட் டப்பா மூடியை அதை வெச்சுத்தான் நெம்புவாரு. அப்பா செத்த சேதி வந்ததும் அந்தக் கத்தியை எடுத்துட்டுப் போயி பெட்டியில அவரு கைக்குப் பக்கத்துல வெக்கிறேங்கன்னு கேட்டேன். டூப்ளிகேட்டை எல்லாமா பெட்டியில வெப்பாங்க, நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க, உங்க அப்பாவுக்குத்தான் அசிங்கம்னாரு. அவரு சொன்னா சொன்னதுதான். வெறுங்கையோட போனேன்.

கேளு, கீழ் தட்டு வந்துட்டாரு. இப்ப அந்தக் கார்க்குக் கத்தியைக் காட்டி, அண்டாவைச் சொல்லாம, நீச்சல் குளத்துல போட்டுப் பாத்தேன்னு சொல்லுவாரு. சொன்னாரா? நான்தான் சொன்னேனே.

அப்புறம் ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் அலமாரியைத் தொடைக்கப் போறேன், நடுத்தட்டுல, நட்ட நடுவுல, நீல வெல்வெட்டு மேல எங்க அப்பா கத்தி. சரி, மனுஷன் மனசு எறங்கிட்டாரு, காப்பியா இருந்தாலும் மாமனாரு ஞாபகமா வெச்சிருக்காருன்னு நெனச்சுகிட்டேன். அன்னிக்கு அவருக்குப் புடிச்ச ஆட்டுக்கால் பாயா வெச்சேன். ஒண்ணும் கேக்கல, கேட்டா கூச்சப்படுவாரேன்னு. எவ்ளோ பைத்தியக்காரி பாரு.

விஷயம் வெளிய வந்தது போன மாசம். நேவியில கேப்டனா இருந்து ரிட்டயர் ஆன ஒருத்தரு கொச்சியிலருந்து இதைப் பாக்கவே வந்தாரு. நான் ட்ரேயில காபி எடுத்துனு ஹாலுக்குப் போறேன், இவரு அந்தக் கத்தியைக் கையில வெச்சு விளக்கிட்டு இருக்காரு. கேப்டன் சார், வெளியில மார்க்கு எல்லாம் தேஞ்சு போயிடுச்சு, யாரா இருந்தாலும் காப்பின்னுதான் சொல்லுவாங்க, ஆனா உறைக்குள்ள, திருகுற மரைக்குக் கீழ பாருங்க, நம்பரு இருக்கு, கத்திக் கழுத்துலயும் அதே நம்பரு, இது லண்டன்ல செஞ்ச ஒரிஜினல், இன்டர்நெட்டுல பாத்து உறுதி பண்ணியாச்சுன்னாரு. புரியுதா? எங்க அம்மா வெரலு போகாத எடத்துல அந்த நம்பரு பத்திரமா இருந்திருக்கு.

நான் ட்ரேயோட அப்படியே நின்னுட்டேன். சொல்லப் போறாரு, இப்ப சொல்லப் போறாரு, இது எங்க மாமனாரு சவரிமுத்து முழுகுன கத்தின்னு. கேப்டன் கேக்குறாரு, இவ்ளோ நல்ல பீஸ் எங்க கெடச்சுச்சு யூஜின்? இவரு சொல்றாரு, குஜ்ரியில. ஒரு மழை நாள்ல, தார்ப்பாய்க்கு அடியில கெடந்துச்சாம். பாய்க்கு அது என்னன்னே தெரியலையாம். இவரு கண்ணு மட்டும் புடிச்சுடுச்சாம். மழையாம், தார்ப்பாயாம். ஒரு காப்பியம் எழுதிட்டாரும்மா அந்த மனுஷன்.

கேட்டேன், கேக்காம இருப்பேனா. கேப்டனு போனதும் கேட்டேன். இன்னாய்யா இது, எங்க அப்பன் கத்தியைக் குஜ்ரியில பொறுக்குனேன்னு சொல்ற, வெக்கமா இல்லன்னு, ராயபுரம் பூரா வந்துச்சு வாயில. அவரு நிதானமா பேப்பரை மடிச்சுட்டு சொன்னாரு, மௌரீன், கலெக்ஷன்னா ஒரு பொருள் எங்கருந்து வந்துச்சுன்னு நம்புற மாதிரி சொல்லணும், சவரிமுத்துன்னு ஒரு முழுகுறவன் குடுத்தான்னா எவன் நம்புவான்னாரு. குடுத்தாருன்னு கூட இல்ல, குடுத்தான். சரி, அன்னிக்கு ஹால்ல சொன்னது தப்புன்னாவது ஒத்துக்கன்னேன். பழசு எதுக்கு இப்போ, கல்யாண வீட்டுல சண்டை வேணாம், விக்கிக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கோம்னாரு. எங்க அப்பா செத்தது பழசு. கத்தி மட்டும் எவ்ளோ பழசோ அவ்ளோ மதிப்பு.

ச்சும்மா இரும்மா, கையைப் புடிச்சா நான் எப்படி கட்லெட்டை எடுக்குறது. எனக்கு ஒண்ணுமில்ல. எங்க அப்பா பேரைத் திரும்பக் கேக்குறேன், அவ்ளோதான். இந்த வீட்டுல யாராவது ஒருத்தரு வாயால, வெளி ஆளுங்க முன்னாடி, அது சவரிமுத்து கத்தின்னு ஒரு வார்த்தை வரணும். அது வராத வீட்டுக்கு ஒரு பொண்ணு வாழ வர்றதை நான் பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

ஷ்ஷ். நடுத்தட்டு. இரு, கேளு. மழைன்னுட்டாரா? தார்ப்பாய். ஆங். இப்ப பாய் வருவாரு. உங்க டாடி ஓஸ்வால்ட் சாரு ஓஹோ ஓஹோன்னு சிரிக்கிறாரு பாரு, பாவம், அவருக்கென்ன தெரியும். விக்கியும் கூடவே சிரிக்கிறான்.

அங்கிளை எப்படி எதுத்துக் கேக்குறதுன்னு பாக்குறியா? உன்னை அவரைக் கேக்கவே சொல்லல. வயசுக்கு மரியாதை குடு, பரவாயில்ல. நீ ஒண்ணே ஒண்ணு செய். உள்ள போனதும், உங்க டாடி சம்மதமான்னு கேட்டதும், ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு விக்கியைப் பாத்துக் கேளு. அந்த நடுவுல இருக்குற கத்தி யாருதுன்னு. வேற ஒண்ணும் வேணாம். அவங்க அப்பாவை வெச்சுகிட்டு அவன் என்ன சொல்றான்னு பாரு, அப்புறம் உன் பதிலைச் சொல்லு. தாத்தாதுன்னு சொன்னான்னா நானே உனக்கு மாலை கட்டுறேன். குஜ்ரின்னு சொன்னான்னா உங்க டாடி கையைப் புடிச்சுனு வீட்டுக்குப் போயிடு. நான் தப்பா நெனச்சுக்க மாட்டேன், உனக்காக ஜெபம் பண்ணுவேன்.

என்னது? அவன் அப்ப ஹாஸ்டல்ல இருந்தானே, அவனுக்கு என்ன தெரியப் போகுதுன்னா? அடக் கண்ணு. உங்க அங்கிளுக்கு இன்னிக்கு வரைக்கும் கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியாதும்மா. இன்டர்நெட்டுல தேடுனது விக்கி. அந்த ட்ராயரைக் கொடைஞ்சு, இது தாத்தா கத்தியாச்சேன்னு எடுத்து, டார்ச் அடிச்சு அந்த நம்பரைப் படிச்சது விக்கி. லீவுக்குப் போனா அவனைத் தோள்ல தூக்கினு ஹார்பர் பூரா காட்டுன தாத்தா. அப்பனும் புள்ளையும் ஒக்காந்து பேசி, மம்மிக்குச் சொல்ல வேணாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. ரெண்டு வருஷமா தெனம் இதே எடத்துல, நீ நிக்கிற எடத்துல வந்து நின்னு, மம்மி இன்னிக்கு என்ன டிபன்னு கேட்டுட்டுத்தான் இருந்தான். ஏண்டா சொல்லலன்னு போன வாரம் கேட்டதுக்கு, டாடிக்கு சங்கடமா இருக்கும்ல மம்மின்னான். கெட்டவன் இல்லம்மா, என்மேல உசுரையே வெச்சிருக்கான். உன்னையும் அப்படித்தான் வெச்சுப்பான்.

இந்தா, தட்டைப் புடி. உன்னைத்தான் கூப்பிடுறாங்க.